இன்று கடைசி நாள் இல்லை

ஜூலை 14, திங்கள்

வக்கீல் அம்மா சொன்னதால் எழுதுகிறேன். நானாக உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. என் தொழில் வாய்.

"இன்னும் மூணு வாரத்துல நீங்க சாட்சிக் கூண்டுல ஏறணும், குத்தாலிங்கம். அதுவரைக்கும் தினமும் அன்னன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகுங்க. ஒரு பொய்கூட வரக்கூடாது" என்றார் ஜாய்ஸ் பொன்மணி. வயதில் என்னைவிடச் சின்னவர். பேச்சில் என் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்.

"நோட்டுல பொய் எழுதினா யாருக்கும்மா தெரியப் போவுது?"

"இதுதான் உங்க வியாதி" என்றார்.

சரி, உண்மை. என் பெயர் குத்தாலிங்கம் என்று சொன்னால் எங்கள் ஊரில் தபால்காரருக்கே தெரியாது. 'இன்றே கடைசி வீடு எது?' என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். ஆட்டோவின் மேல் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, பின்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து, ஜவுளிக்கடைக்குக் கூவுவது என் வேலை. 'ஆடித் தள்ளுபடி! இன்றே கடைசி! இன்றே கடைசி!' ஆடி பிறந்த அன்று தொடங்கினால் ஆவணி பிறக்கும்வரை தினமும் அன்றே கடைசி. அது பொய்யில் சேராது. வியாபாரம்.

கேஸ் இதுதான். போன ஆடியில் மார்க்கெட் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் ரமீஜா பானு டீச்சரின் ஸ்கூட்டியைப் பின்னால் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னாலேயே வந்தது எங்கள் ஆட்டோ. கார் போய்விட்டது, ஆட்டோ நின்றது. நின்றவன் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள். ஆட்டோ ஓட்டிய வண்டிமலைதான் இப்போது குற்றவாளிக் கூண்டில், அவனுக்கு வக்கீல்தான் பொன்மணி அம்மா. காரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வண்டிமலை, அவன் சொல் எடுபடாது. இன்னொருவன் நான். என் சொல்லும் எடுபடவில்லை என்றால் வண்டிமலை ஜெயிலுக்குப் போவான், லைசென்ஸும் போகும். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதவன் அவன்.

டீச்சரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ போனில் எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் போயிற்று. வணிகர் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

என் மனைவி உலகம்மாள் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நானே சமைத்தேன். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சோறு குழையவில்லை, அடிப்பிடித்தது. இந்த ஒன்றுதான். மற்றபடி பரவாயில்லை, நல்ல தொடக்கம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் பக்கத்து வீட்டு ஆவுடையம்மா அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, துணியெல்லாம் நீயே அலசுத? உலகு எங்க?"

"ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்காக்கா."

அக்கா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கல்யாணம் முடிஞ்சு பதினெட்டு வருசம் கழிச்சு ஆடிக்கு அழைச்சிட்டுப் போயிருக்காவளோ? அப்ப வார தீவாளி உங்களுக்குத் தலைதீவாளியா?"

புதுப்பெண்ணைத்தான் ஆடிக்கு அழைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? வாயில் வந்துவிட்டது. வாயில் வந்ததை நோட்டிலும் எழுதிவிட்டேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

சரி. ஆடிக்குப் போகவில்லை. ஆனி மாதமே கோபித்துக்கொண்டு போய்விட்டாள். காரணம் சின்ன விஷயம்.

ஜூலை 19, சனி

வக்கீல் வீட்டு முன்னறையில் ஒத்திகை. பொன்மணி அம்மா அரசு வக்கீல் மாதிரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"அவர் காரைப் பத்தி முதல்ல கேக்கவே மாட்டார். 'நீங்க பொய் சொல்ற ஆள்தானே?'ன்னு கேப்பார். என்ன சொல்வீங்க?"

"இல்லம்பேன்."

"கோர்ட்டே சிரிக்கும். ஜட்ஜம்மா குடியிருக்கிற தெருவுலயும் நீங்க தினம் 'இன்றே கடைசி' கத்தியிருக்கீங்க. வேற?"

"அப்ப ஆமாம்பேன்."

"ஆமான்னா நீங்க பொய்யர். பொய்யர் வாயில வந்த அந்த 'ஆமா' மட்டும் எப்படி உண்மையாகும்?"

நான் விரலை விட்டு ஆமா, இல்லை, ஆமா, இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். விரல்தான் தீர்ந்தது.

"இது ரொம்பப் பழைய புதிர்" என்றார். "'நான் இப்போ சொல்றது பொய்'னு ஒருத்தன் சொன்னா, அது உண்மையா பொய்யா? ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல படிச்சவங்க மண்டையை உடைச்சுக்கிறாங்க."

"என்ன பதில் கண்டுபிடிச்சாவ?"

"ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்கு, கூண்டுல ஏறுற ஏழாம் தேதிக்குள்ள ஒண்ணு வேணும்."

கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்பது போல ஒன்று கேட்டார். வீடியோவில் நான் டீச்சரைத் தூக்கியதாகவும், டிரைவர் பயந்துபோய்த் தள்ளி நின்றதாகவும் சொல்லியிருக்கிறேன். வண்டிமலையோ தான்தான் தூக்கியதாகச் சொல்கிறான். எது சரி?

"ரெண்டு பேரும் சேந்துதாம்மா" என்றேன். அவர் ஃபைலைக் கட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

இந்த வரியில் எழுதியிருப்பது பொய்.

மேலே எழுதி வைத்துக்கொண்டு காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மை என்று வைத்துக்கொண்டால், அது சொல்கிறபடியே அது பொய். சரி, பொய் என்று வைத்துக்கொள்வோம். பொய் என்றுதானே அதுவும் சொல்கிறது? அப்போது சொன்னது சரி, ஆகவே உண்மை. உண்மை என்றால் பொய். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து நெருப்பே அணைந்துவிட்டது, நான் இன்னும் அந்த ஒரு வரியைத் தாண்டவில்லை.

பால் வாங்கப் போகும்போது பள்ளிக்கூட மதிலில் 'இங்கே எழுதாதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஆயிரம் முறை பார்த்த மதில். இன்றைக்குத்தான் கோபம் வந்தது. அங்கே எழுதிய முதல் ஆளே அவன்தானே! கேட்டால் ஊரைக் கெடுப்பவன் நான் என்பார்கள்.

ஜூலை 23, புதன்

இன்று ஒரு முடிவோடு மைக்கைப் பிடித்தேன். கூண்டில் ஏறி உண்மை பேச வேண்டும் என்றால் முதலில் ஆட்டோவில் ஏறிப் பேசிப் பார்க்க வேண்டும். முதலாளி துரத்தினால் துரத்தட்டும்.

"தாய்மார்களே, பெரியோர்களே! ஆடித் தள்ளுபடி! இன்று கடைசி நாள் இல்லை. நாளைக்கும் உண்டு. நாளை மறுநாளும் உண்டு. ஆடி முடிகிறவரை உண்டு. அவசரம் இல்லை, நிதானமாக வாருங்கள்!"

வண்டிமலை சடக்கென்று ஆட்டோவை ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, காய்ச்சலா?"

"நீ ஓட்டுல."

நாலு தெரு சுற்றினோம். ஐந்தாவது தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏட்டி, 'இன்றே கடைசி'யே கடைசி நாள் இல்லங்கான்னா, நெசமாவே இன்னைக்குத்தான்ட்டி கடைசி! சீக்கிரம் கெளம்புங்க!"

மத்தியானம் கடையில் நிற்க இடம் இல்லை. இந்த ஆடியிலேயே இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. முதலாளி என் தோளில் கை போட்டு, "எப்படிய்யா இப்படியெல்லாம் தோணுது உனக்கு? நாளைக்கும் இதையே சொல்லு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. என் வாயில் நுழைந்து வெளியே வந்தால் உண்மையும் பொய்யாகிவிடுகிறது. 'வண்டிமலை இடிக்கவில்லை' என்று நான் கூண்டில் நின்று சொன்னால் ஜட்ஜம்மா காதில் என்னவென்று விழும்?

ஒரு நிமிடம் கெட்ட யோசனைகூட வந்தது. 'இடித்தான்' என்று சொன்னால் விட்டுவிடுவார்களோ?

ஜூலை 25, வெள்ளி

டீக்கடையில் வண்டிமலை என் பக்கம் பார்க்காமலேயே பேசினான்.

"அண்ணே, ஒரு உதவி. நான் உள்ள போயிட்டா பிள்ளைய ஸ்கூல்ல கொண்டு விட மட்டும் யாரையாவது ஏற்பாடு பண்ணு. அவளுக்கு பஸ்ஸுல ஏறப் பயம்."

"நீ எதுக்குல உள்ள போற?"

"சும்மா சொன்னேன்."

இந்த ஒரு வருடத்தில் அவன் என்னைக் கேட்டது இது ஒன்றுதான். கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. திட்டவாவது செய்யலாம். இவன் இப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

இன்று எதுவும் எழுதவில்லை.

ஜூலை 30, புதன்

நேற்றைய வரியைப் பாருங்கள். எழுதாத அன்றும் பொய் எழுதியிருக்கிறேன். இப்படியே போனால் ஏழாம் தேதி வந்து நிற்கும். இன்று அடுப்பையே பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

டீச்சரை நான் தூக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தும் தூக்கவில்லை. வண்டிமலை தூக்கினான். தனியாகத் தூக்கினான்.

கார் இடித்ததும் அவன் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினான். நான் பின்சீட்டில் மைக்கோடு இருந்தேன். ரோட்டில் ரத்தம். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் கை கால் ஓடாது. உலகு மீன் அலசும்போதே நான் தெருவுக்குப் போய்விடுவேன். அன்றைக்குக் கால் நகரவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. 'இன்றே கடைசி, இன்றே கடைசி' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை. வண்டிமலை டீச்சரைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் கிடத்தினான். ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் நான் சொல்லிக்கொண்டேதான் போனேன். ரோடு முழுக்க ஒதுங்கி வேடிக்கை பார்த்தது.

ஆஸ்பத்திரி வாசலில் என் வேட்டியெல்லாம் ரத்தம். வண்டிமலை டாக்டரைத் தேடி உள்ளே ஓடியிருந்தான். ஒரு பையன் போனை நீட்டி, "நீங்கதான் தூக்குனீங்களாண்ணே?" என்றான். நான் "ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஆமா'வோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "டிரைவர் என்ன பண்ணான்?" என்று கேட்டான். தூக்கியது நான் என்றால் டிரைவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமே! "பயந்துபோய்த் தள்ளி நின்னுட்டான்" என்றேன். இப்போது அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொண்டு, இடித்தவன் என்பதால்தான் பயந்து தள்ளி நின்றான் என்கிறது.

உலகு போன காரணம் சின்ன விஷயம் இல்லை. ஆனி மாதம் வண்டிமலை வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் பெண்சாதி இவளிடம் அழுதிருக்கிறாள். இவள் வந்து நேராகக் கேட்டாள். நான் சத்தியம் பண்ணினேன், நான்தான் தூக்கினேன் என்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பதினெட்டு வருசமா நீங்க சொன்னதெல்லாம் சிரிச்சுட்டு விட்டேன். இது சிரிக்கிற பொய் இல்ல" என்றாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

எழுதிவிட்டேன். கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உலகுக்குப் போன் போட்டேன். "உண்மைய எழுதிட்டேன்" என்றேன்.

"எங்க?"

"நோட்டுல."

"நோட்டுக்குத் தெரிஞ்சாப் போதுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சாயந்திரம் வண்டிமலையிடம் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கையெல்லாம் பிசைந்துகொண்டு, "லே, டீச்சரத் தூக்கினது நீதான்" என்றேன்.

"தெரியும்ணே" என்றான். "நான்தான தூக்கினேன்."

அவனிடம் போய் இதை ஒரு பெரிய சேதி மாதிரிச் சொன்னேனே! அவன் சிரிக்கவும் இல்லை. "கோர்ட்ல சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டான். சொல்வேன் என்றேன். அதை அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொன்மணி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டார். ஒரு வருடமாக இதை வாயில் அடக்கி வைத்திருந்தவனை எந்தச் சாட்சியில் சேர்ப்பது என்று நாற்காலியை விட்டு எழுந்தே சத்தம் போட்டார். நான் மைக்கை நிறுத்தாமல் கூவிக்கொண்டே போன இடத்தைச் சொன்னதும் சட்டென்று அமைதியானார்.

"தூக்கும்போதும் சொல்லிட்டே இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

ஃபைலில் எதையோ தேடி எடுத்துப் படித்தார். மூடி வைத்தார். "இதை அப்படியே கோர்ட்ல சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வேற எதுவும் இப்போ எங்கிட்ட கேக்காதீங்க."

"'நீ பொய்யனா'ன்னு கேட்டா?"

"அதுக்கு நீங்கதான் பதில் தேடணும்."

ஆகஸ்ட் 6, புதன்

இன்று வணிகர் சங்கத் தலைவர் வீடு தேடி வந்தார். செய்தி எப்படியோ போயிருக்கிறது. "பொன்னாடை போட்டது நாங்க. நாளைக்கு நீ அங்க போய் எதையாவது உளறி எங்களக் கோமாளி ஆக்கிராத. 'ஞாபகம் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லு, முடிஞ்சு போச்சு" என்றார். அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். பொன்னாடையை மடித்து ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் மோரைக் குடிக்கவில்லை.

பிறகு ஜூலை 20-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி அந்த வரியை மறுபடி பார்த்தேன். அது எதைப் பற்றிப் பேசுகிறது? தன்னைப் பற்றி. தன்னைத் தவிர வேறு எதைப் பற்றியும் இல்லை. அதனால்தான் செக்கு மாடு மாதிரி சுற்றுகிறது. சோறு அடிப்பிடித்தது என்று எழுதினேனே, அது அப்படி இல்லை. நான் எப்பேர்ப்பட்ட பொய்யனாக இருந்தாலும் பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் நல்லவனா, பொய்யனா என்று நானே சொல்லிக்கொண்டிருந்தால் விடியாது. பானையைக் காட்ட வேண்டும்.

சட்டையைத் தேய்த்து வைத்தேன். நாளைக்கு யார் என்ன கேட்டாலும் சரி, நான் உண்மையைச் சொல்லாமல் திரும்பி வரப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நடந்தபடி எழுதுகிறேன்.

கூண்டில் ஏறினேன். 'கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை' என்று சொல்லச் சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. பொன்மணி அம்மா காரைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். வாட்டசாட்டமான மனிதர், குரலும் நல்ல குரல், மைக்குக்குத் தோதானது.

"உங்களை ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"இன்றே கடைசின்னு கூப்பிடுவாவ."

"ஏன்?"

"தெனமும் இன்றே கடைசின்னு சொல்லுததால."

"அது உண்மையா?"

"மாசத்துல ஒரு நாள் உண்மை, ஐயா."

கோர்ட் சிரித்தது. அவரும் சிரித்தார். "ஆக, நீங்க பொய் சொல்ற ஆள்."

"ஆமாங்கய்யா."

"இப்போ சொன்னீங்களே 'ஆமா'ன்னு, அது உண்மையா, பொய்யா?"

வந்துவிட்டது. மூன்று வாரமாக வரும் வரும் என்று காத்திருந்தது வந்தே விட்டது. கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள போனா வெளிய வர முடியாதுங்கய்யா, நான் போய்ப் பாத்துட்டேன். எம் பொண்டாட்டி வீட்ல இல்லாத நேரத்துல ஒரு சட்டி ரசம் அதுல போச்சு. நான் யாருன்னு என்கிட்டயே கேட்டா நான் என்ன சொன்னாலும் சுத்தும். என்னப் பத்திக் கேக்காதீங்க. அன்னைக்கு ரோட்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அது எங்கிட்ட மட்டும் இல்ல, டீச்சர்ட்ட இருக்கும், வண்டிமலைட்ட இருக்கும். ஒத்துப் பாத்துக்கிடலாம்."

அவர் வேறு ஏதோ கேட்க வந்தார். ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "டீச்சரைத் தூக்கியது யார்?"

"வண்டிமலை, அம்மா."

"வீடியோவில் நீங்கள்தான் தூக்கியதாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

"அது பொய்யிம்மா. அந்தப் பொய்க்கு எனக்குப் பொன்னாடை கெடச்சுது. இதுக்கு என்ன கெடைக்கும்னு பின்னால எங்க முதலாளி மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவர் தூக்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ஒண்ணும் செய்யல. ஆட்டோவுல உக்காந்திருந்தேன். கையில மைக் இருந்துச்சு. 'இன்றே கடைசி, இன்றே கடைசி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நிறுத்த வரலம்மா. அவன் டீச்சரக் கொண்டாந்து எம் மடியில போட்டான். அப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஜட்ஜம்மா காகிதங்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, டீச்சர் முன்பு கொடுத்த சாட்சியத்தைச் சத்தமாகப் படித்தார்.

'எது இடித்தது என்று எனக்குத் தெரியாது. கண் திறக்க முடியவில்லை. யாரோ ஒருவர் என்னைத் தூக்கினார். அப்போது தூரத்தில் இன்றே கடைசி, இன்றே கடைசி என்று ஒரு குரல் கேட்டது. தூக்கிக்கொண்டு போகப் போக அந்தக் குரல் பக்கத்தில் வந்தது. பிறகு என் காதுக்குள்ளேயே கேட்டது. எனக்கு இன்றுதான் கடைசி என்று எனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.'

மயக்கத்தில் ஏதோ தோன்றியிருக்கிறது என்று இதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். தூக்கும்போது என் குரல் தூரத்தில் கேட்டது என்றால் தூக்கியவன் நான் இல்லை.

டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. என்னை நேராகப் பார்த்தார். நான் கூண்டில் நின்று அழுதேன். கர்சீப் கொண்டுபோகவில்லை, தேய்த்த சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

அரசு வக்கீல் அதற்குப் பிறகும் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

'இன்றே கடைசி' பொய் என்று கோர்ட்டிலேயே ஒத்துக்கொண்டேனாம், முதலாளி இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே கிடைத்துவிட்டது. வேறு கடை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வண்டிமலைக்கு விடுதலை. தீர்ப்பில் என் பெயர் ஓர் இடத்தில் வருகிறதாம். தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்படி இந்தச் சாட்சி சொன்னது டீச்சரின் சாட்சியத்தோடு பொருந்துவதால் ஏற்கத்தக்கது என்று. பொன்மணி அம்மா படித்துக் காட்டினார். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

வண்டிமலை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் பயல் கொஞ்சம் பேசினால்தான் என்ன!

ஆகஸ்ட் 16, சனி

எங்கே போய் முட்டிக்கொள்வது?

டீக்கடையில் நுழைந்ததும் நாலு பேர் எழுந்து நின்றார்கள். "என்ன மனசுய்யா உனக்கு! கூட்டாளியக் காப்பாத்தணும்னு, நீ தூக்கினத அவன் தூக்கினதா மாத்திச் சொல்லிட்டியே! பேரு போனாப் போவுதுன்னு விட்டியே!"

"ஏ, நான் தூக்கலய்யா. நெசமாவே அவன்தான் தூக்கினான்."

"பாத்தியா, பாத்தியா? இப்பவும் ஒத்துக்கிட மாட்டான்!"

"ஜட்ஜே எழுதியிருக்காங்கய்யா!"

"ஜட்ஜயே நம்ப வச்சுட்டியே, அதான் உன் தெறம!"

வணிகர் சங்கத் தலைவர் ஆளனுப்பியிருக்கிறார். அதே பொன்னாடை, இந்த முறை 'நட்புக்கு இலக்கணம்' என்று ஒரு பட்டமும் சேர்த்து. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள்.

கோர்ட் நம்பிவிட்டது. ஊர் நம்பாது. பரவாயில்லை. இனி கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். நம்பாவிட்டாலும் சொல்வேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை பஸ்ஸில் பாவூர்சத்திரம் போனேன். உலகு அம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாங்க என்றாள். எழுந்திருக்கவில்லை.

என் மாமியார்தான் ஓடி வந்தார். செய்தி இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. "வாங்க மாப்பிள்ள. ஊரே உங்களத்தான் பேசுது. அடுத்தவனுக்காகத் தன் பேரையே விட்டுக் குடுக்க யாருக்கு மனசு வரும்? இவகிட்டயும் சொன்னேன், இப்பேர்ப்பட்ட மனுசனையா விட்டுட்டு வந்து உக்காந்திருக்கன்னு."

எவ்வளவு சுலபம் பாருங்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். சும்மா நின்றாலே போதும், அத்தை அவளைப் பெட்டி கட்டி என்னோடு அனுப்பிவிடுவார்.

"இல்லத்தை" என்றேன். "நான் தூக்கல. பயந்துபோய் உக்காந்திருந்தேன். தூக்கினது வண்டிமலை. நான் சொன்னதுதான் பொய்."

"பெரிய மனசு உள்ளவுக இப்படித்தான் சொல்லுவாவ" என்றார் அத்தை.

உலகு கீரையிலிருந்து கண்ணை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவுக தூக்கலம்மா" என்றாள். "அவுக சொல்லுதது நெசம்."

அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உலகு காம்பை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினாள். "சாப்டீயளா?" என்று கேட்டாள்.

மாமியார் வீட்டில் இதற்கு ஒரே பதில்தான். எந்த மாப்பிள்ளையும் வேறு சொல்ல மாட்டான். பதினெட்டு வருடமாக அந்த முற்றத்தில் நின்று நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், இப்பத்தான் சாப்பிட்டேன் என்று. பசியில் காது அடைத்த நாளிலும் சொல்லியிருக்கிறேன்.

"இல்ல உலகு. நேத்து ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றேன். "பசிக்குது."

அவள் மடியில் இருந்த கீரையை உதறிவிட்டு எழுந்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.